தெருவே நல்லது சொன்னபோது

எங்கள் பக்கத்தில் பெண் பார்த்துவிட்டுப் போனால் உடனே பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட மாட்டார்கள். முதலில் தெருவில் விசாரிப்பார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமனோ சித்தப்பாவோ, சும்மா டீ குடிக்க வந்தவர் மாதிரி வந்து, இஸ்திரிக் கடையில் ஒரு வார்த்தை, மளிகைக் கடையில் ஒரு வார்த்தை என்று கேட்டுவிட்டுப் போவார். பத்துப் பொருத்தமும் இருந்தும், இந்த விசாரிப்பில் நின்றுபோன கல்யாணங்கள் எங்கள் கருங்குழியில் நிறைய உண்டு.

நான் மறைமலைநகர் தொழிற்சாலை ஒன்றுக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிறேன். தெருவில் எல்லாரையும் தெரியும் என்பதால் விசாரிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் என்னிடமும் கேட்பார்கள். தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லிவிடுவேன். எதிர்வீட்டுக்காரரின் மகனைப் பற்றி ஒருமுறை கேட்டார்கள். பையன் குடிப்பான் என்று சொன்னேன். சம்பந்தம் நின்றுபோயிற்று. அன்றிலிருந்து அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. எனக்கும் வருத்தம்தான். ஆனால் யாரோ பெற்ற பெண்ணைக் குழியில் தள்ளிவிட்டு எனக்குச் சோறு இறங்குமா? எனக்கு முன்கோபம் அதிகம், வாய் நீளம் என்று என் மனைவி சொல்வாள். அது உண்மைதான். பொய் பேச மாட்டான் என்ற பேரும் கூடவே இருந்தது. மகளுக்குக் கொடுக்க என்னிடம் அதைவிடப் பெரிதாக எதுவும் இல்லை.

மகள் சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறாள். காதில் எப்போதும் ஏதோ ஒன்றை மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து, விறுவிறு என்று நடப்பாள். அவள் சிரித்தால் தெருமுனைக்குக் கேட்கும். செங்கல்பட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்த அன்றும் அப்படித்தான். காபியை ஒரு வாய் குடித்துவிட்டு மாப்பிள்ளையின் தாய்மாமன் தயங்கினார். "சர்க்கரை போட மறந்துட்டேன் போல, குடுங்க" என்று சொல்லி அவளே சத்தமாகச் சிரித்துவிட்டாள். என் மனைவிக்கு உயிரே போய்விட்டது. ஆனால் பையனும் சிரித்தான். தாய்மாமனும் சிரித்தார். அதற்குப் பிறகு பிள்ளைகள் இரண்டு பேரும் பெரியவர்கள் சம்மதத்தோடு போனில் பேசத் தொடங்கினார்கள். போனை வைத்த பிறகும் மகளின் முகத்தில் அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் இருக்கும். பெற்றவனுக்கு அதைப் பார்த்தால் போதாதா?

அந்தத் தாய்மாமன்தான் எங்கள் தெருவுக்கு விசாரிக்க வந்தார். நான் அப்போது வண்டியில் இருந்தேன். சாயங்காலம் வந்ததும் மனைவி சொன்னாள். எனக்குப் பயமே இல்லை. விசாரிக்கட்டுமே, நமக்கென்ன என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் தரகர் போன் செய்தார்.

"வேற எடம் பாக்கலாம் அண்ணாத்த."

ஏன் என்று கேட்டேன். கொஞ்சம் இழுத்தார். நான் விடவில்லை.

"தெருவுல அல்லாரும் ஒரே பேச்சு பேசினாங்களாம். அப்பாரு தங்கமான மனுசன், பொண்ணு தல குனிஞ்சு போவும், தல குனிஞ்சு வரும், அது இருக்கிற எடமே தெரியாதுன்னு. ஒருத்தர் வுடாம அதையேதான் சொன்னாங்களாம். மாமன்காரரு உம் பொண்ண நேர்ல பாத்துகிறாரே! நீதான் அல்லாருக்கும் சொல்லிக் குடுத்து வெச்சிருக்கேன்னு நெனச்சுட்டாரு. இதுக்கே இவ்ளோ ஏற்பாடுன்னா உள்ள வேற இன்னா கீதோன்னு கேக்குறாரு. நான் இன்னா பதில் சொல்றது?"

போனை வைத்தேன். நேராக மளிகைக் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் கடைக்காரருக்கு வாயெல்லாம் பல்.

"வா அண்ணாத்த! ஆளு வந்து மொதல்ல எங்கிட்டதான் கேட்டாரு. அவரு அந்தாண்ட போனதும் நான் அல்லாருக்கும் போன் போட்டுட்டேன். நம்ம அண்ணாத்த பொண்ணு விசயம், ஒரு சொல்லு கூடக் கொறையாம இப்டிச் சொல்லுங்கோன்னு. எதிர்வூட்டுக்காரர்கிட்டயும் சொன்னேன். அவரும் ஒன்னப் பத்தி நல்லாத்தான் சொல்லிகிறாரு, தெரியுமா?"

திட்டத்தான் போயிருந்தேன். என்னய்யா பண்ணிவெச்சிருக்கே என்று கேட்க வாயைத் திறந்தேன். ஆனால் என்மேல் உள்ள பிரியத்தில் செய்திருக்கிறார். என்னோடு பேசாத மனிதர்கூட என் மகளுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறார். அவர் மகனுக்காக நான் சொல்லாத பொய். இவர்களை எந்த வாயால் திட்டுவது?

"கல்யாணம் எப்போ அண்ணாத்த?" என்று கேட்டார் கடைக்காரர்.

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, வந்ததற்கு ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

மனசு கேட்காமல் தாய்மாமனுக்கு நானே போன் செய்தேன். அவர் நாலு வார்த்தை கடுமையாகப் பேசியிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன். அவரோ தேனாகப் பேசினார்.

"ஐயோ, நாங்க ஒண்ணும் தப்பா நெனைக்கலைங்க. நல்ல பொண்ணு. நேரம் கூடி வரல, அவ்ளோதான். மனசுல வெச்சிக்காதீங்க."

குற்றமே சொல்லாதவரிடம் நான் குற்றவாளி இல்லை என்று எப்படிச் சொல்வது? மளிகைக் கடைக்காரரை அழைத்துக்கொண்டு போய் நடந்ததைச் சொல்லச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் என்ன சொன்னாலும், இதையும் நான் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்ததாகத்தானே நினைப்பார்கள்? என் மகள் சத்தமாகச் சிரிப்பாள், கோபம் வந்தால் மூஞ்சியைத் தூக்கிக்கொள்வாள், ஆனால் சூது தெரியாத பெண் என்று ஒரே ஒருத்தர் சொல்லியிருந்தால் போதும். உள்ளதைச் சொல்லவே எங்கள் தெருவில் ஆள் இல்லாமல் போய்விட்டது. எப்போதும் அதைச் சொல்கிற ஆள் நான்தான். பெண்ணின் அப்பாவிடமே வந்து யாரும் விசாரிக்க மாட்டார்கள்.

"நேர்ல மட்டும் போவாத. கால்ல வுழ வந்துகிறான்னுவாங்க" என்று மனைவி சொல்லிவிட்டாள். அவள் சொன்னதும் சரிதான். வண்டி ஓட்டும்போது செங்கல்பட்டைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு அவர்கள் வீட்டுக்கு ஓடலாமா என்று இருக்கும். பின்னால் ஆட்கள் ஷிப்டுக்குப் போகவேண்டும். ஓட்டிக்கொண்டே போய்விடுவேன்.

பையன் மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அவள் அதைப் பற்றி எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள். வீட்டில் சத்தம் குறைந்துபோனது. தெருவில் சொன்ன மாதிரியே, இருக்கிற இடம் தெரியாமல்தான் இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மகள் வந்து பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். செல்போனைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"அப்பா, ஒண்ணு கேப்பேன். திட்டக்கூடாது."

"கேளும்மா."

"தெருவுல யார்கிட்டயும் நீ எதுவும் சொல்லி வெக்கலதான?"

நான் பதில் சொல்வதற்கு முன்னால் அவளே அவசரமாகச் சொன்னாள்.

"வெச்சிருந்தாலும் பரவால்லப்பா. எனக்காகத்தான பண்ணியிருப்ப. எனக்கு ஒண்ணும் கோவமில்ல."

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நான் செய்யாததற்கு என் பெண் என்னை மன்னித்துவிட்டாள்.

"இல்லம்மா" என்றேன். சொல்லி வைத்தவனும் இதையேதான் சொல்வான் என்று எனக்கே தோன்றியது.

அவள் என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள். "சரி வுடுப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.