கடைசிக் காணியின் முறைத் தண்ணீர்

ஐயாத்துரையைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. படப் பைத்தியம் என்று சொல்ல நன்றாகவே வரும். அரசாங்கம் பங்கீட்டுக் கூப்பன் அரிசியைப் பாதியாக வெட்டிய அடுத்த வருசம், இரணைமடுக் குளத்தின் கீழ் எங்கள் குடியேற்றத்தில் எல்லார் அடுப்பிலும் மரவள்ளிக்கிழங்குதான். அதையும் இவன் அவசரமாக விழுங்கிவிட்டுக் கிளிநொச்சிப் படக்கொட்டகைக்குச் சைக்கிளை மிதிப்பான்.

"அதுக்குள்ளை போய் இருந்தா ஒரு கவலையும் தெரியாதடா" என்பான். பொய்யில்லை. நானும் போயிருக்கிறேன்.

அந்த வருசக் கோடைச் சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் மட்டுமட்டு. எட்டு நாளுக்கு ஒருதரம், காணிக்கு ஒரு மணித்தியாலம் என்று முறை வைத்தார்கள். எங்கள் வாய்க்காலின் கடைசிக் காணி நாகேஸ்வரியுடையது. புருசன் செத்த பிறகு தனியாகக் கமம் செய்தாள். அவளுடைய முறை நேரத்தில் மடையைத் திறந்துவிட ஆள் நிற்காவிட்டால், தண்ணீர் நேரே கழிவு வாய்க்காலுக்குப் போய்விடும்.

நெல் கதிர் தள்ளும் நேரம் பார்த்து அவளுடைய மகளுக்குக் காய்ச்சல். வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு அவள் முறை. ஐயாத்துரையிடம் வந்தாள்.

"அண்ணை, இந்த முறை தப்பினா எனக்கு இந்தப் போகமே இல்லை."

"நீ பிள்ளையைப் பார் தங்கச்சி. மடையை நான் பாக்கிறன்."

மனதாரத்தான் சொன்னான். ஆனால் பத்து மணிக்குப் படம் இருந்தது. இடைவேளையோடு எழும்பினால் நேரத்துக்கு வந்துவிடலாம் என்று நினைத்தான். எழும்பவும் செய்தான். ஆனால் சற்று முன்னர்தான் திரையில் ஒரு கைம்பெண் பிள்ளையோடு தெருவுக்கு வந்திருந்தாள். அவளுடைய கதி என்னவென்று தெரியாமல் போக மனம் வரவில்லை. திரும்ப வாங்குப் பலகையில் குந்தி, முடியும்வரை அழுதான்.

மடைக்கு வந்து சேர ஒன்றரை மணி. வயல் வெடித்தபடி கிடந்தது. தண்ணீர் கழிவு வாய்க்காலால் காட்டுக்குப் போய் முடிந்திருந்தது. வரம்பில் இருந்து இன்னொருதரம் அழுதான்.

பின்னேரம் மகளுக்கு மருந்து எடுத்துக்கொண்டு நாகேஸ்வரி வந்தாள்.

"தண்ணி கடைசிவரைக்கும் வந்து சேரேல்லை" என்றான்.

அந்த வருசம் அப்படி நடப்பதுண்டு. அவள் நம்பினாள். கொஞ்ச நேரம் வயலைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு. எனக்காக வெயிலுக்கை நிண்டு காய்ஞ்சு போனியள் அண்ணை" என்று மோர் கரைத்துக் கொடுத்தாள்.

வாங்கிக் குடித்தான். தொண்டைக்குள் இறங்கியது என்பதுதான் வெட்கம் என்று பின்னாளில் என்னிடம் சொன்னான்.

அடுத்த முறை தன் காணிக்குரிய தண்ணீரையும் அவளுடைய வயலுக்கே விட்டான். பெண்சாதி விமலேஸ்வரி காரணம் கேட்டுக் கத்தினாள். அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரம்புக்குப் போனான். விட்ட தண்ணீராலும் பயனில்லை, நாகேஸ்வரியின் நெல் முழுவதும் மணி பிடிக்காமல் சப்பியாகத்தான் போனது.

அவள் ஒருநாள் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணை, அக்காவோடை என்னையும் ஒருக்காப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. அங்கை இருந்தாக் கவலை தெரியாதெண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்."

மறுக்க ஒரு சாட்டும் கிடைக்கவில்லை. கொட்டகையில் அந்தப் படமே இரண்டாந்தரம் வந்திருந்தது. ஐயாத்துரை தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். கைம்பெண் தெருவுக்கு வந்ததும் நாகேஸ்வரி விம்மினாள். விமலேஸ்வரியைத் தாண்டி அவன் பக்கம் குனிந்தாள்.

"பாவம் அண்ணை, அவளுக்கு ஒருத்தருமில்லை. எனக்கெண்டாலும் நீங்கள் இருக்கிறியள்."

இடைவேளைக்கு விளக்குப் போட்டார்கள். அன்றைக்கு ஐயாத்துரை இடைவேளையோடு எழும்பி வெளியே போனான். திரும்ப உள்ளே வரவில்லை.