ஜன்னலுக்கு உள்ள இன்டர்வியூ, ஜன்னலுக்கு அடியில நாங்க

அன்னைக்கி அந்த ஜன்னலுக்கு அடியில யார் யார் உட்காந்திருந்தோம்னு மொதல்ல சொல்லிருதேன். பின்னால ஒருத்தரும் "நான் அங்க இல்லை"ன்னு சொல்லிறக் கூடாது பாருங்க!

எங்கம்மா. அம்மா மடியில என் அண்ணன் மகன், கைப்பிள்ளை. மார்த்தா சித்தி. உப்பளத்துல வேலை பாக்குற பக்கத்து வீட்டு லூர்து அண்ணன். சாளை மீனும் அரிவாமணையுமா நான்.

ஜன்னலுக்கு உள்ள மூணு பெரிய ஆபீசர்.

(இன்னைக்கி எதுக்கு இந்தக் கதைன்னா, காலையில பேத்தி போன்ல ஒரு விளம்பரம் படிச்சா. ஜனங்களோட அந்தரங்கத்தைப் பாதுகாக்க ஒரு சர்க்கார் ஆபீசாம், அதுக்குத் தலைமை அதிகாரி தேடுதாங்களாம். "ஏளா, இந்த இன்டர்வியூ எழுபதுகள்லயே நம்ம வீட்டுப் பின்னால நடந்துருச்சு"ன்னேன்!)

தூத்துக்குடியில அப்ப எங்க வீட்டுக்குப் பின்சுவரும் சின்ன டெலிபோன் ஆபீஸ் சுவரும் முதுகோட முதுகு. வெளியூருக்கு டிரங்க் கால் போட்டா ஆபரேட்டர்தான் லைன் சேத்து விடணும். சேத்து விட்டவ காதுல ஊர்க் கதை பூரா விழும்.

அந்தக் கதை வெளிய வராமப் பாத்துக்கிட ஒரு பொறுப்பு அதிகாரி போடப் போறாங்கன்னு உத்தரவு. போட்டி ரெண்டே பேர். ஒண்ணு தாசன், சீனியர், வாய்ச்சவடால். இன்னொண்ணு எங்க ஜெனோவா மயினி, என் அண்ணன் பொண்டாட்டி, அங்க ஆபரேட்டர்.

வேலை கிடைக்கலைன்னா மயினியை மதுரைக்கு மாத்திருவாங்க. அண்ணன் கப்பல்ல. பிள்ளை இன்னும் பால்குடி மறக்கலை. எங்கம்மா ராத்திரியெல்லாம் செபமாலை உருட்டிக்கிட்டுக் கிடந்தா.

நாங்க ஒட்டுக் கேக்கணும்னு போகலை. (சத்தியமா!) கரண்டு போச்சு, ஃபேன் நின்னுச்சு, அவங்களாத்தான் ஜன்னலைத் தொறந்தாங்க.

மொதல்ல தாசன்.

"நீங்க ரகசியம் காத்ததுக்கு ஒரு உதாரணம் சொல்லுங்க."

"நெறைய இருக்கு சார்! ஒரு உப்பளத்து முதலாளி மாசாமாசம் கொழும்புக்கு போன் போடுவார். என்னத்துக்கு? டோப்பாவுக்கு சார்! தலையில ஒரு முடி கிடையாது. பொண்டாட்டிக்கே தெரியாது. இந்த நிமிசம் வரைக்கும் நான் யார்கிட்டயும் மூச்சு விடலையே!"

லூர்து அண்ணன் என் தோளைப் புடிச்சுக்கிட்டார். "ஏளா... எங்க முதலாளில்லா! அதான் காத்தடிச்சா மனுசன் களத்துப் பக்கமே வாரதில்லை!"

மார்த்தா சித்தி முந்தானையை வாயில திணிச்சுக்கிட்டு உருளுதா.

அடுத்து மயினி. அதே கேள்வி.

"உதாரணம் சொல்ல முடியாது சார்."

"பேர் வேண்டாம்மா. விசயத்தை மட்டும் சொல்லுங்க."

"விசயத்தைச் சொன்னா பேரைக் கண்டுபிடிக்க இந்த ஊருக்கு ஒரு வெத்தலை மடிக்கிற நேரம் போதும் சார்."

(லூர்து அண்ணனைப் பாத்தேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.)

"அப்போ நீங்க ரகசியம் காத்தீங்கன்னு எதை வச்சு நம்புறது? சாட்சி யாராவது?"

"சாட்சி இருந்தா அது என்ன ரகசியம் சார்?"

அப்புறம் ஒரு ஆபீசர் மெதுவா, "சரிம்மா, நீங்க போகலாம்"னார். அந்தக் குரல்லயே தெரிஞ்சுபோச்சு, மதுரைதான். அம்மா பிள்ளையை நெஞ்சோட இறுக்குனா.

எனக்கு எங்கிருந்து கோவம் வந்துதோ! எந்திரிச்சு நின்னேன்.

"சாட்சி நான் இருக்கேன் சார்!"

அம்மா தாவணியைப் புடிச்சு இழுக்கா. ஜன்னல்ல மூணு தலை எட்டிப் பாக்குது. என் கையெல்லாம் மீன் செதிலு.

"எனக்குக் கொழும்புல சம்பந்தம் பேசியிருந்துச்சு சார். மாப்பிள்ளையோட அம்மா எங்க மாமா கடைக்கு போன் போட்டாங்க. லைன் கரகரன்னு கிடந்துருக்கு. இவதான் நடுவுல நின்னு அங்க சொன்னதை இங்க எடுத்துச் சொல்லியிருக்கா. மாமா, தவக்காலத்துல கல்யாணப் பேச்சு ஆகாதுன்னு ஈஸ்டர் வரைக்கும் வாயைத் தொறக்கலை. நான் தவக்காலம் பூரா சரின்னாங்களோ வேண்டாம்னாங்களோன்னு சோறு எறங்காமக் கிடந்தேன். இவ எனக்கு எதுத்தாப்புல உட்காந்து, 'ஏளா ரோஸ்லின், கொழம்புல உப்பு பத்தலை'ங்கா சார்! எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு!"

ஒரு ஆபீசருக்குச் சிரிப்பு அடக்க முடியலை. மயினி பக்கம் திரும்பி, "இந்தப் பொண்ணு சொல்றது உண்மையாம்மா?"ன்னார்.

மயினி என்னைப் பாத்தா. அவரைப் பாத்தா.

"அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லை சார்."

அவ்வளவுதான்! வேலை அவளுக்கு!!

அம்மா அழுதுக்கிட்டே சிரிச்சா. லூர்து அண்ணன் ஓடிப்போய் மக்ரூன் வாங்கிட்டு வந்து தெருவுக்கே குடுத்தார். (டோப்பா கதையையும் சேத்துத்தான் குடுத்தார், அதை யார் தடுக்க?)

அதிகாரியம்மா சீட்டுல உட்காந்ததும் மயினி போட்ட மொத உத்தரவு என்ன தெரியுமா? அந்த ஜன்னலுக்கு ஆணி அடிச்சாச்சு! வேலை வாங்கிக் குடுத்த எங்களுக்கே!

போகட்டும். ஆனா ஒண்ணு பாக்கி இருக்கு.

அந்தக் கொழும்பு போன்ல என் மாமியார் என்னைப் பத்தி என்னமோ சொல்லியிருக்கா. மாமாவுக்குக் கரகரப்புல கேக்கலை, மயினியும் அதை மட்டும் எடுத்துச் சொல்லலை. ஆனா லைன்ல மயினி விழுந்து விழுந்து சிரிச்சது மட்டும் கேட்டுச்சாம்!

மாமியார்கிட்ட அதைக் கேக்க எனக்குத் தைரியம் வந்ததே இல்லை. அவ போய்ச் சேந்துட்டா. மாமாவும் இல்லை. பாக்கி இருக்கிறது மயினி மட்டும்தான். காலையில மாத்திரை போட்டமாங்கிறது மறந்துபோவுது, இது மறக்கலை அவளுக்கு.

இன்னைக்கி அந்த விளம்பரத்தைப் படிச்சுக் காட்டிட்டு மறுபடியும் கேட்டேன். "மயினி, இனி சொன்னா என்ன? நீங்கதான் ரிட்டையர் ஆயாச்சே!"

"நான்லா ரிட்டையர் ஆனேன் ஏளா. ரகசியமா ரிட்டையர் ஆச்சு?"ன்னு சொல்லிட்டு, அதே சிரிப்பு!

மாமாவை மன்னிச்சுட்டேன், தவக்காலம். தாசனையும் மன்னிச்சுட்டேன், டோப்பாவுக்காக. மாமியாரையும், என்ன சொன்னாளோ, மன்னிச்சுட்டேன்.

மன்னிக்கவே மாட்டேன்னு ஒரே ஒரு ஆள்தான்.

ஜெனோவா மயினி.