கதவையே பார்த்துக்கொண்டிருந்தவர்

பீர் ஆலைத் தெரு முனையில் இருந்த அந்தப் பெரிய உணவகத்தில் அவர் சர்வராகச் சேர்ந்தபோது மீசை அரும்பியிருக்கவில்லை. அதன் கதவைக் கடைசியாகப் பூட்டியபோது தலையில் ஒரு கறுப்பு முடிகூட மிச்சமில்லை. நடுவில் இருந்தது ஒரு வாழ்க்கை.

அந்தத் தெருவை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். காலையில் ஆலைக்குள் பார்லி வேகும் வாசனை தெரு முழுக்கப் பரவும். கொடியில் காயும் துணி, பள்ளிக்குப் போகும் பிள்ளையின் பை, எல்லாவற்றிலும் அது ஏறிவிடும். எதிர்ப்பக்கம் நடனக் கூடம். மாலையானால் சிவப்பு விளக்கு எரியும், வாத்தியக்காரர்கள் பெட்டிகளோடு இறங்குவார்கள். கூடத்துக்கு ஒரு சந்து தள்ளி, ஆலை கேட்டுக்கு நேர் எதிரே உணவகம். முன்கூடத்தில் ஆலைத் தொழிலாளர்கள் பீர் குடித்தபடி மேஜையைத் தட்டிச் சிரிப்பார்கள். உள்கூடத்தில் குடும்பங்கள் உட்காரும். அதற்குப் பக்கச் சந்தில் தனி வாசல்.

இப்போது ஆலை நின்ற இடத்தில் அடுக்குமாடி வீடுகள். நடனக் கூடத்தில் வண்டிகள் நிற்கின்றன. உணவகம் செல்பேசிக் கடையாகிவிட்டது. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்துகொள்கிறது. உள்ளே நுழைகிறவரை “வாங்க, வாங்க” என்று முகம் பார்த்துச் சொல்லத்தான் ஆளில்லை.

அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த முதலாளி ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தார். ‘இல்லை’ என்ற சொல் சமையலறைக் கதவைத் தாண்டி வெளியே வரக்கூடாது. மீன் தீர்ந்துவிட்டதா? “இன்னைக்கு அதைவிட நல்லது ஒண்ணு இருக்கு” என்று சொல்ல வேண்டும். “போன வருஷம் இதே நாற்காலியில உக்காந்தேன்” என்று ஒருவர் சொன்னால், நாற்காலி நேற்றுத்தான் வாங்கியதாக இருந்தாலும், “ஆமா சார், இதேதான்” என்று சொல்ல வேண்டும். சாப்பிட வருகிறவரின் ஞாபகத்தைத் திருத்துவது சர்வரின் வேலையல்ல. இந்தப் பாடத்தை அவர் படித்த அளவுக்கு வேறு யாரும் படிக்கவில்லை. சக சர்வர்கள் அவருக்கு ஆமாம்சாமி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதற்கும் அவர் “ஆமா” என்றுதான் சொன்னார்.

கடை மூடிப் பல ஆண்டுகள் கழித்து, மறைந்துபோன உணவகங்களைப் பற்றி ஒரு பத்திரிகை எழுதியது. அதில் அவர் படமும் வந்தது. அன்றிலிருந்து வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அங்கே பெண் பார்த்தவர்கள், முதல் சம்பளத்தில் அப்பாவுக்குச் சாப்பாடு வாங்கிக்கொடுத்தவர்கள், நடனக் கூடத்தில் ஆடிக் களைத்து வந்து சாப்பிட்டவர்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி.

“என்னை ஞாபகம் இருக்கா?”

“இல்லாமலா? நீங்க அப்ப ஒல்லியா இருந்தீங்க.”

வந்தவர் பூரித்துப்போய்க் கிளம்பியதும் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்ப்பாள். அவளும் அதே உணவகத்தில் காய்கறி நறுக்கியவள்தான். அவளிடம் எந்தப் பூசி மெழுகலும் செல்லாது.

“எல்லாரும் ஒரு காலத்துல ஒல்லியாத்தான் இருந்தாங்க. இதுக்கு ஞாபகம் வேறயா?”

“சந்தோஷமாப் போறாங்கல்ல? உனக்கென்ன நஷ்டம்?”

“டீத்தூள் நஷ்டம்.”

இப்படிச் சிரிப்பும் கேலியுமாகப் போய்க்கொண்டிருந்த நாட்களில்தான் ஒரு மருந்துக்கடைக்காரம்மா வந்தார். நடுத்தர வயது. கொடுத்த டீயைத் தொடவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பல ஆண்டுகளாகத் தொண்டையில் சிக்கியிருந்ததை வெளியே எடுத்துப் போடுவதுபோலப் பேசினார்.

“நான் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தப்ப அந்த மனுஷன் அம்மாவையும் என்னையும் விட்டுட்டுப் போயிட்டாரு. ஆலையிலதான் வேலை. அம்மா கோபக்காரிதான், ஆனா அவங்களே இறங்கி வந்து மாமாகிட்ட சொல்லி அனுப்பினாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் பிள்ளையோட அந்த உணவகத்துல இருப்பேன், வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்கன்னு. ஜன்னலோரம் உக்காந்திருந்தோம். சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தோம் சார். வரல.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? அம்மா சாகுற வரைக்கும் அந்தப் பேச்சை எடுக்கல. இப்ப அந்த மனுஷன் முதியோர் இல்லத்துல கிடக்கறாரு. ‘நான் வந்தேன், முன்கூடத்துல தூணோரம் உக்காந்து காத்துக்கிட்டிருந்தேன், அவ உள்கூடத்துல இருந்தது எனக்குத் தெரியாது’ன்னு சொல்றாராம். கேட்டுப் பாக்க அம்மா இல்லை. நீங்க ஒருத்தர்தான் பாக்கி. சொல்லுங்க சார். அவரு வந்தாரா?”

ஒரு முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதற்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிப்பது அவர் தொழில். அந்த அம்மாவின் கண்கள் எதைக் கேட்டன என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

“வந்தாரும்மா” என்றார். “தூணோரமா உக்காந்திருந்தாரு. வாங்கின பீரைத் தொடவே இல்லை, நுரையெல்லாம் அடங்கிப்போச்சு. கதவையே பார்த்துக்கிட்டிருந்தாரு.”

அந்த அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எழுந்து போகும்போது, “அப்பாவை நான் போய்ப் பாக்கணும்” என்றார். வரும்போது ‘அந்த மனுஷன்’, போகும்போது ‘அப்பா’. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மனைவிக்கு நிறையவில்லை.

“ஞாயித்துக்கிழமைன்னா உங்களை உள்கூடத்துலதானே போடுவாங்க? முன்கூடத்துத் தூணை எங்கேருந்து பாத்தீங்க?”

அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

“என்னங்க, உங்களைத்தான் கேக்கறேன்.”

“பாத்தா என்ன, பாக்காட்டி என்ன? காத்திருக்கறவன் எவனா இருந்தாலும் கதவைத்தான் பாப்பான். அந்தப் பொண்ணு வந்தாரான்னா கேட்டுச்சு? வந்தாருன்னு சொல்லுங்கன்னு கேட்டுச்சு. சொன்னேன்.”

“சரி. அவ அப்பனுக்கு நல்ல பேர் வாங்கிக் குடுத்துட்டீங்க. அவ அம்மா?”

“அவங்களுக்கு என்ன?”

“தப்பான இடத்துல உக்காந்து புருஷனைத் தொலைச்சவளா ஆயிட்டா. செத்தவ எழுந்து வந்து, நான் சரியான இடத்துலதான் இருந்தேன்னு சொல்லுவாளா?”

அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

அடுத்த வாரம் மருந்துக்கடைக்காரம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது. குரலில் அப்படி ஒரு மலர்ச்சி.

“சார், அப்பாவை வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டேன். கடைக்கு மேல, அம்மா இருந்த ரூம்லதான் கட்டில் போட்டிருக்கேன். பாவம் சார், எத்தனை வருஷம் வீணாப் போச்சு! அம்மா அவசரக்காரி. ஒரு தடவை எழுந்து முன்பக்கம் எட்டிப் பாத்திருந்தா...”

அவர் கையில் தொலைபேசி கனத்தது. மனைவி சொன்னது இவ்வளவு சீக்கிரம் நடந்துவிடும் என்று அவர் நினைக்கவில்லை.

“அப்பா உங்களைப் பாக்கணும்னு துடிக்கறாரு. வருவீங்களா?”

“ஆமாம்மா... வர்றேன்.”

மனைவி சட்டையை எடுத்து நீட்டினாள். “போய்ட்டு வாங்க. வர்றப்போ இந்த மூஞ்சியோட வராதீங்க.”

மருந்துக்கடையில் நல்ல கூட்டம். அந்த அம்மா சிரித்த முகத்தோடு அவரை மாடிக்கு அனுப்பினார். சின்ன அறை. கட்டிலில் வற்றிப்போன ஒரு கிழவர் சாய்ந்திருந்தார். எதிர்ச் சுவரில் ஒரு பெண்ணின் படம். நேராகப் பார்க்கிற கண்கள். கிழவர் அந்தப் படத்துக்கு முதுகு காட்ட முயன்று, திரும்ப முடியாமல் பாதியில் நின்றுவிட்டவர் போலக் கிடந்தார்.

“நீங்கதான் அந்த சர்வரா?”

“ஆமாங்க.”

“கதவைச் சாத்துங்க.” சாத்தினார். கிழவர் குரலைத் தாழ்த்தினார். “என்னைத் தூணோரம் பாத்ததாச் சொன்னீங்களாமே?”

“சொன்னேன்.”

“நான் அங்க வரவே இல்லையே!”

சர்வர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

“ஆலை கேட்டு வரைக்கும் வந்தேன்” என்றார் கிழவர். “சட்டையெல்லாம் மாத்திக்கிட்டுத்தான் வந்தேன். முன்கூடத்துல என் கூட வேலை செய்யற பசங்க எல்லாம் உக்காந்து சிரிச்சுக்கிட்டிருந்தது கேட்டுச்சு. பொண்டாட்டி சொல்லி அனுப்பினதும் ஓடறான் பாருன்னு கேலி பண்ணுவானுங்கன்னு கால் நின்னுபோச்சு. திரும்பி உள்ளே போய் பார்லி மூட்டை மேல படுத்துட்டேன். அப்புறம் கேட்டவங்களுக்கெல்லாம் வந்தேன், காத்திருந்தேன்னு சொல்லிட்டேன். சொல்லிச் சொல்லி எனக்கே அந்தத் தூண் கண்ணுல தெரிய ஆரம்பிச்சுருச்சு. நீங்க பாத்ததா என் மக வந்து சொன்னப்போ பயந்தே போயிட்டேன். ஒருவேளை நிஜமாவே போயிருந்தேனோன்னு!”

இருவருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“நான் பாக்கலீங்க” என்றார் சர்வர்.

“எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான் கூப்பிட்டேன். கடைசி வரைக்கும் பாத்தேன்னே சொல்லிடுங்க. உங்க கால்ல விழறேன். எனக்குப் போக இடமில்லை. என் மக என்னை அப்பான்னு கூப்பிடறா...”

படிக்கட்டில் காலடிச் சத்தம். மருந்துக்கடைக்காரம்மா ஒரு தட்டில் சூப்புக் கிண்ணமும் கரண்டியுமாக உள்ளே வந்தார். கட்டில் ஓரம் உட்கார்ந்து, துண்டைக் கிழவரின் கழுத்தில் கட்டி, ஒரு கரண்டி ஊதி வாயருகே கொண்டுபோனார். கிழவர் வாயைத் திறந்தார். விழுங்க முடியாமல் தவித்தார்.

“பாருங்க சார், குழந்தை மாதிரி ஆயிட்டாரு. அன்னைக்கு அம்மா எழுந்து ஒரு வார்த்தை விசாரிச்சிருந்தா என் பள்ளிக்கூடத்து நாளெல்லாம் வேற மாதிரி போயிருக்கும். அம்மா பேர்லதான் தப்பு. இல்லையா சார்?”

எத்தனை ஆயிரம் மேஜைகளில் அவர் சொன்ன பதில்! நாக்கு நுனியில் தயாராக நின்றது. கட்டிலிலிருந்து கிழவரின் கண்கள் கெஞ்சின. சுவரிலிருந்த பெண்ணோ எதுவும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். கேட்க முடியாதவளுக்கு யார் பரிமாறுவது?

“இல்லைம்மா.”

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவருக்கே தெரிந்தது.

“உங்க அம்மா மேல தப்பு இல்லை. நான் முன்கூடத்துலேயே இல்லை. யாரையும் பாக்கலை. நீங்க ஆசையாக் கேட்டீங்க, சொல்லிட்டேன். பழக்க தோஷம். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது.”

கரண்டி அந்தரத்தில் நின்றது. அந்த அம்மா சர்வரைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தார். கீழே யாரோ இருமல் மருந்து கேட்கிற சத்தம் மாடி வரை வந்தது.

சர்வர் பொய் சொல்கிறார் என்று கிழவர் கத்தியிருக்கலாம். ‘இவருக்கு வயசாயிடுச்சு, மறந்துட்டாரு’ என்று தப்பித்திருக்கலாம். ஒரு வாழ்நாள் பொய்யை இன்னும் சில மாதங்கள் இழுப்பது பெரிய காரியமில்லை. ஆனால் வாயில் இருந்த சூப்பை எப்படியோ விழுங்கிவிட்டு அவர் சொன்னார்:

“கேட்டு வரைக்கும் வந்தேம்மா.”

“எந்த கேட்டு?”

“ஆலை கேட்டு.”

அந்த அம்மா சர்வரிடம் கேட்டார். “அங்கேருந்து உணவகம் எவ்வளவு தூரம் சார்?”

“ரோட்டைக் குறுக்கே தாண்டணும். அவ்வளவுதான்.”

மகள் எழுந்து அம்மாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். முதுகு மட்டும் தெரிந்தது. அது குலுங்கியதா, மூச்சு வாங்கியதா என்று சொல்ல முடியாது. கட்டிலில் கிடந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். தன்னைத் திரும்ப இல்லத்துக்கு அழைத்துப்போகும் வண்டியின் சத்தம் அவர் காதில் அப்போதே விழுந்திருக்கும்.

திரும்பி வந்த மகள் சூப்புத் தட்டைக் கிழவரின் மடியில் வைத்தார். கரண்டியை அவர் விரல்களுக்குள் திணித்தார்.

“கை நல்லாத்தானே இருக்கு? நீங்களே குடிங்க.”

“என்னை... எங்க அனுப்பப் போறே?”

“எங்கயும் அனுப்பல. இங்கதான் இருக்கணும், இந்தப் படத்துக்கு நேரா. நான் சாயங்காலம் வந்து திட்டுவேன். நாளைக்கும் திட்டுவேன். எத்தனை வருஷத்துக் கோபம் இருக்குன்னு எனக்கே தெரியல. காது கேக்குதுல்ல?”

“கேக்குதும்மா.”

“ஆறிடப் போகுது, குடிங்க.”

கரண்டி கிண்ணத்தில் இடித்துச் சத்தம் எழுப்பியது. பாதி சூப் துண்டில் சிந்தியது. மகள் பார்த்தார்; உதவிக்குப் போகவில்லை. அறையை விட்டு வெளியேறவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து சர்வரோடு கீழே இறங்கியவர், கடைக்குள் போகாமல் படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். சர்வர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அந்த அம்மா கையமர்த்தினார்.

“அந்த உள்கூடம் உங்களுக்கு நிஜமா ஞாபகம் இருக்கா சார்?”

“கூடம் இருக்கும்மா. உங்க ரெண்டு பேரையும் ஞாபகம் இல்லை.”

“அப்ப நான் சொல்றேன், கேளுங்க.”

அவர் சொல்லத் தொடங்கினார். எதிரே நடனக் கூடத்தில் வாத்தியக்காரர்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார்களாம். அம்மா யாரோடும் பேசவில்லை, எதையும் சாப்பிடவில்லை. அவ்வளவு கோபத்திலும் ஒரு விரல் மட்டும் மேஜை விளிம்பில் அந்தத் தாளத்தைத் தட்டிக்கொண்டே இருந்ததாம். வாத்தியம் தப்பான இடத்தில் நின்றபோதெல்லாம் அம்மா உதட்டைச் சுழித்தாளாம்.

கடையில் யாரோ மணியடித்தார்கள். “இதோ வர்றேன்” என்று குரல் கொடுத்துவிட்டு, அவர் மேலே சொல்லிக்கொண்டிருந்தார். அத்தனை ஆண்டுகள் நடையாய் நடந்து பரிமாறிய கூடத்தை, அதில் ஒருமுறை மட்டும் உட்கார்ந்த ஒரு பெண்ணிடமிருந்து, ஒரு வார்த்தையும் குறுக்கே போடாமல், அந்த சர்வர் கேட்டுத் தெரிந்துகொண்டார்.