கியர் எந்தப் பக்கம்

எண்பதுகளின் கடைசியில், வீடியோ கேம் பெட்டி ஒன்றை நானே செய்யப்போகிறேன் என்று கடத்தூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பேருந்து நிலையத்துக்கு எதிரில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தேன். நாலு டி.வி.யைச் சரிசெய்துவிட்டதில் தலைகால் புரியவில்லை. பெங்களூரில், விமானச் சண்டை ஆட்டம் அடங்கிய பழைய கேம் சர்க்யூட் போர்டு ஒன்று வாங்கினேன். பெட்டிக்கு, பக்கத்துத் தெருவில் தச்சுப் பட்டறை வைத்திருந்த பாயைப் பிடித்தேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் 'ங்க' போடாமல் என்னிடம் பேசமாட்டார்.

அளவு பார்க்க அவரையும் பெங்களூருக்கு அழைத்துப் போயிருந்தேன். நான் போர்டுக்கு விலை பேசிக்கொண்டிருக்க, அவர் அங்கே பெட்டிகளில் ஆடுகிறவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெட்டி முடிந்தது. கை வைத்து ஆடும் சாய்வுப் பலகை மட்டும் பாக்கி. அதில் விமானத்தை நகர்த்த ஒரு கைப்பிடி, சுட இரண்டு பட்டன். கைப்பிடியை நாங்கள் கியர் என்றே சொன்னோம். அதை எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் சண்டை வந்தது.

"இடது பக்கம்ங்க தம்பி. அங்க எல்லாப் பெட்டியிலயும் அப்படித்தான் இருந்துச்சு. பட்டனைத்தான் ஓயாம அமுத்தறாங்க. அதுக்குத்தான் வலது கை வேணும்" என்றார் பாய்.

"பீச்சாங்கையில எவன் பாய் விமானம் ஓட்டுவான்? சோத்துக்கை எதுக்கு இருக்குது?"

"தொப்பூர் மேட்டுல லாரிக்காரங்க இடது கையிலதானுங்களே கியர் போடறாங்க?"

பதில் தெரியாதபோது குரலை உயர்த்துவது என் வழக்கம். "போர்டு வாங்குனது நானா, நீங்களா?" என்றேன்.

அவர் விடவில்லை. ஓர் அட்டையில் ஓட்டை போட்டு இரண்டு பக்கமும் வைத்துப் பார்க்கலாம் என்றார். அதற்கெல்லாம் எனக்குப் பொறுமை ஏது? சன்மைக்காமேல் நானே குறி போட்டுக் கொடுத்தேன். கியர் வலது பக்கம். குறி போட்ட இடத்தில் மயிரிழை பிசகாமல் துளை போட்டுத் தந்தார். ஆடிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. எனக்கு ஆடத் தெரியாது என்பது வேறு விஷயம்.

பெட்டியை என் கடையிலேயே வைத்து, திறப்புக்கு ரைஸ் மில் முதலாளியை அழைத்திருந்தேன். அவர் அப்போது புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். கதவு, ஜன்னல், அலமாரி என்று ஒரு வருஷத்து வேலை. பாய்க்குத்தான் என்று கிட்டத்தட்ட வாய்வார்த்தை ஆகியிருந்தது. அதனால் பாய் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பெட்டி பக்கத்திலேயே நின்றார்.

முதல் ஆட்டம் முதலாளியின் மகன் ஆடினான். பெங்களூரில் காலேஜ் படிக்கிறவன். இரண்டு நிமிஷம் தடுமாறினான். பிறகு கைகளைக் குறுக்கே போட்டு, இடது கையால் கியரையும் வலது கையால் பட்டனையும் பிடித்துக்கொண்டு ஆடினான். கூட்டம் சிரித்துத் தீர்த்தது.

"யாருங்க இதைத் திருப்பி வச்சது?" என்றான்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பாய் வேலைங்க. சொன்னதை மாத்திப் பண்ணிப்புட்டாரு."

பாய் என்னை ஒரே ஒருமுறை பார்த்தார். பிறகு முதலாளியிடம், "ஆமாங்க, கவனம் தப்பிருச்சுங்க. நாளைக்கே மாத்திக் குடுத்துடறேன்" என்றார். திறப்பு அன்றைக்கு என் முகம் கெட்டுவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார்.

"ஒரு பலகைக்கே எடது வலது தெரியலைன்னா, என் வாசக்காலு என்ன ஆவறது?" என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை எழுதும்போதுகூட உடம்பு கூசுகிறது.

மறுநாளே இடது பக்கம் கியர் வைத்துப் புதுப் பலகை வந்தது. பெட்டிக்கு முன்னால் வரிசை நின்றது. அடுத்த வாரம் முதலாளி வீட்டு வேலைக்குச் சேலத்திலிருந்து ஆள் வந்துவிட்டது.

பாய் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அன்னைக்கு நாலு பேரு இருந்தாங்க, விட்டுட்டேன் தம்பி. முதலாளிகிட்ட மட்டும் உள்ளதைச் சொல்லிப்புடுங்க. வேலை போனாப் போவுதுங்க. கவனமில்லாதவன்கிற பேரு வேண்டாம்."

சொல்கிறேன் என்றேன். போகவும் செய்தேன். முதலாளி வீட்டில் காபி கொடுத்தார்கள். மூன்று முறை பேச்சு நாக்கு நுனிவரை வந்தது. பொய்க்காரன் என்று அவர் ஊரில் சொல்லிவிட்டால் அப்புறம் எனக்கு யார் டி.வி. கொடுப்பார்கள்? அந்தப் பயம். மாடியில் சாய்ந்திருந்த ஆன்டெனாவைத் திருப்பி வைத்துவிட்டு, படம் தெளிவாக வருகிறதா என்று கேட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

பாய் பட்டறை வாசலிலேயே நின்றிருந்தார்.

"சொன்னீங்களா தம்பி?"

"சொல்லிட்டேன் பாய். அவருதான் காதுல வாங்கிக்கல."

அவர் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. கையிலிருந்த மரத்தூளை லுங்கியில் துடைத்துவிட்டு, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அவரு கெடக்கறாருங்க. நீங்க போயி சொன்னீங்களே, எனக்கு அது போதும்."