பேர் சொல்லாதது

எங்கள் வீட்டில் ஒரு செடி பொய்ப்பெயரில் வளர்ந்தது. அதைச் செடியின் குற்றம் என்று சொல்ல முடியாது.

நகரிப் பக்கம் எங்கள் ஊர். சித்தூர் ஜில்லா ஆந்திராவோடு போய்விட்டது. எல்லைக்கோடு கடைசியில் எங்கே விழும் என்று மட்டும் யாருக்கும் தெரியாத காலம். நாங்கள் மெட்ராஸோடு சேர வேண்டும் என்று நைனா, அதாவது என் அப்பா, ஒற்றைக்காலில் நின்றார். அத்தையைக் கட்டிய மாமா, மதனப்பள்ளிக்கு மேலே ஹார்ஸ்லி மலையில் பங்களாத் தோட்டக்காரர். ஒரு கல்யாணப் பந்தியில் அவர், "எந்தப் பக்கம் போனா இன்னா மச்சான்? கத்திரிக்கா ரெண்டு பக்கமும்தான் காய்க்கும்" என்று சொல்லிவிட்டார். நைனா பாதி இலையில் எழுந்தார். "எல்லை தீர்ற வரிக்கும் என் தங்கச்சிய அனுப்ப மாட்டேன்" என்று ஊர் கேட்கச் சொல்லி, அத்தையைக் கையோடு அழைத்து வந்துவிட்டார். எல்லை தீர வருஷக்கணக்கில் ஆகும் என்று அவருக்குத் தெரியாது. விட்ட வார்த்தையை விழுங்கவும் தெரியாது.

ஒருநாள் விளக்கு வைத்த பிறகு மாமா வாசலில் வந்து நின்றார். ஈரச் சாக்கில் சுற்றிய கிழங்கொன்றை அத்தையிடம் நீட்டினார். இஞ்சியைப் போல முட்டுமுட்டாக இருந்தது.

"இன்னா அது?" என்று நைனா உள்ளேயிருந்தே அதட்டினார்.

"பேர் தெரியாது மச்சான்."

அம்மா அப்போது முழுகாமல் இருந்தாள். வசம்பின் பெயரை விளக்கு வைத்தபின் எங்கள் பக்கம் யாரும் சொல்லமாட்டார்கள்; 'பேர் சொல்லாதது' என்பார்கள். கைக்குழந்தைக்கு வயிறு உப்பினால் சுட்டு உரசி நாக்கில் தடவுகிற மருந்து அது. மாமா சொன்னதை அம்மா அரைகுறையாகக் கேட்டுவிட்டு, "பொறக்கப்போற புள்ளைக்கு அண்ணன் பேர் சொல்லாதது கொண்ணாந்திருக்காரு" என்று பூரித்துப் போனாள். மருந்தை எப்படித் திருப்பி அனுப்புவது? நைனா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அத்தை அதைத் திருத்தாமல் கிழங்கை வாங்கிக்கொண்டாள். போகும்போது மாமா அவளிடம் மட்டும், "காலு ஈரத்துல இருக்கணும், தலை வெயில்ல இருக்கணும்" என்றார். கதவுக்குப் பின்னாலிருந்து நான் கேட்டேன்.

துவைக்கிற கல்லிலிருந்து தண்ணீர் ஓடித் தேங்கும் சேற்றில், முதுகு வெளியே தெரியும்படி அத்தை அதைப் பதித்தாள். மக்கிய எரு போட்டாள். எருமை வாய் வைக்காமல் முள் வைத்தாள். இலைகள் கத்திகத்தியாக எழுந்தன. பக்கத்து வீட்டு வசம்பு இலையைக் கசக்கினால் வாசனை மூக்கைத் துளைக்கும். இதில் ஒன்றுமே இல்லை. அத்தையிடம் கேட்டேன்.

"வளரட்டும் கண்ணு. வாய மூடிக்கினு இரு."

வயசானால்தான் செடிக்கு வாசனை வரும்போல என்று நினைத்து, தினமும் குனிந்து முகர்ந்து பார்த்து மூக்கில் சேறு பூசிக்கொண்டேன்.

தம்பி பிறந்தான். பிறந்த சில நாளில் வயிற்றுவலியால் வீறிட்டான். ஒரு துண்டு உடைத்து வரச்சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். போய்ப் பார்த்தால், பூ! நாவற்பழத் தோலின் நிறம், நிழலில் கருப்பு. மூன்று இதழ் நிமிர்ந்தும் மூன்று இதழ் தொங்கியும் இருந்தன. அப்படியொன்றை நான் கண்டதே இல்லை. கிழங்கில் கைவைத்ததும் அத்தை ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டாள்.

சத்தம் கேட்டு அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அத்தை அழுதுவிட்டாள். "இது அது இல்ல அண்ணி. மலையில அவரு வளக்கிற பூச்செடி. சொல்லியிருந்தா அண்ணன் அன்னிக்கே பிடுங்கிப் போட்டிருக்கும்." முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அதில் கடையில் வாங்கிய நிஜ வசம்பு இருந்தது.

அம்மா அதை வாங்கிக்கொண்டு பூவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். பிறகு மாட்டுக்கொட்டகைப் பக்கம் திரும்பி, அதுவரை இல்லாத குரலெடுத்துக் கத்தினாள்: "பச்சப்புள்ள இருக்கிற வூட்ல கருப்புப் பூவா? மருந்துன்னு ஏமாத்துனவ இங்க ஒருநாளும் இருக்கக் கூடாது! உங்க அண்ணன் அனுப்ப மாட்டாரு. நான் தொரத்துறேன், போ உம் புருசன் வூட்டுக்கு!"

கொட்டகையிலிருந்து நைனா வந்தார். பூகம்பம் வரப்போகிறது என்று பயந்தேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வூட்டுப் பொம்பள தொரத்துனா நான் இன்னா பண்றது" என்றார். அவர் அத்தனை வேகமாக வண்டி பூட்டி நான் பார்த்ததில்லை. பொம்பளையைத் தனியாக விடக்கூடாது என்று புத்தூர் ரயிலடியில் ஏறி மதனப்பள்ளி வரைக்கும் அவரே கூடப்போனார்.

அத்தை பாதிச் செடியைச் சாக்கில் சுற்றிக்கொண்டாள். அம்மா வாய் ஓயாமல் திட்டியபடியே அவளுக்குப் புளிச்சோறு கட்டினாள், தலை வாரினாள், மல்லிகை வைத்தாள். அத்தை அழுதுகொண்டே வண்டியேறினாள். நான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கதறினேன். என் அம்மாவைப் போலக் கல்நெஞ்சுக்காரி உலகத்தில் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

அன்று முழுக்க நான் அம்மாவோடு பேசவில்லை. அவளோ தம்பியை மடியில் போட்டு வசம்பை உரசிக்கொண்டே தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தியை வீட்டைவிட்டு விரட்டிய கையோடு எப்படித்தான் இவளுக்குச் சிரிப்பு வருகிறது என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது.