ஒரு பெயருக்கு மட்டும் மொட்டை

கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் மாட்டிக்கொண்ட சக ஜீவன்களே, நம் பிழைப்பில் பாதி, மாணவர்கள் முன்னால் திருதிருவென்று விழிப்பதிலேயே போய்விடுகிறது. திருத்தணியில், முருகன் கோயில் மலையைப் பார்த்த ஒரு மாடியில் நடக்கும் என் சென்டரில், ஒரே ஒரு சின்னக் கணக்கு என்னை வாய் பிளக்க வைத்தது.

ஸ்பெஷல் வரிசை

கே.ஜி.கண்டிகையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் பத்மாவுக்கு ஒரு சென்னைக் கம்பெனியின் தேர்வு. தேறினால் வேலை, தவறினால் பாவாவின், அதாவது அக்கா வீட்டுக்காரரின், துணிக்கடையில் பில் போட உட்கார வேண்டும். நான் கொடுத்த பயிற்சி எளிதுதான். ஆங்கிலத்தில் அடித்த இரண்டு பெயர்களை ஒப்பிட வேண்டும், பெரிய எழுத்து சின்ன எழுத்து பேதம் பார்க்கக் கூடாது. இரண்டும் ஒன்றென்றால், வித்தியாசம் ஏதும் இல்லை என்று சைபர் வர வேண்டும்.

மெஷினோ அந்த பேதத்தை விடவே விடாது. வரிசைப்படுத்தச் சொன்னால் பெரிய எழுத்துப் பெயர்களையெல்லாம் முன்னால் விட்டு, சின்ன எழுத்தை ஒன்றுவிடாமல் பின்னால் தள்ளுகிறது. எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்கு இது பிரமிப்புதான். பத்மா திரையைப் பார்த்துச் சொன்னாள்: "இன்னா மேடம், மலை மேல ஸ்பெஷல் தரிசனம் மாதிரியே கீது!"

நைனாவின் தலை

தேர்வுக்கு முந்தின நாள். எழுத்தையெல்லாம் சின்னதாக்கிவிட்டு ஒப்பிடு என்று சொல்லியிருந்தேன். அப்படித்தான் எழுதினேன் என்றாள். சைபர் வரவில்லை. நானும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. பத்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவளை அழைத்துப்போக அவள் அப்பா வந்தார். விவசாயி. மழமழவென்ற தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. "வேலைக்காக ரெண்டு பேரும் மொட்டை அடிச்சிக்கிறதா வேண்டிக்கினோம்ங்க. நான் முடிச்சிட்டேன், இவ பரீட்சை ஆவட்டும்ன்றா," என்றார். பத்மா அவர் தலையைப் பார்த்தாள். தன் பின்னலைத் தொட்டாள். சட்டென்று திரைக்குத் திரும்பினாள். "நைனா! நான் ஒரு பேருக்குத்தான் மொட்டை அடிச்சிகீறேன், இன்னொண்ணு முடியோட நின்னுகினு கீது!"

சைபர்

இரண்டாவது பெயரையும் சின்ன எழுத்தாக்கியதும் சைபர் வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மறுநாள் தேர்வில் வேறு கணக்குகள். கலங்காமல் போட்டு வேலையையும் வாங்கிவிட்டாள்.

சில நாள் கழித்து என் வாசலில் இரண்டு மொட்டைகள், கையில் பிரசாதம். ஒன்று அவள் நைனா. மற்றது யாரென்று எனக்குச் சட்டென்று புரியவில்லை. வேலையில் சேரப் போகிறவள், இடுப்பு வரை இருந்த கூந்தலைக் கொடுத்துவிட்டுச் சிரிக்கிறாள்! "கம்பெனிக்கு இப்படியேவா போகப் போறே?" என்று கேட்டேன். அவள் தன் தலையை அப்பாவின் தலையோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்: "ஆங் மேடம். இப்போ ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க, சைபர் வரும்!"

அன்றிலிருந்து இந்தக் கணக்குக்கு நான் புத்தகத்தைப் புரட்டுவதில்லை, ஜன்னலைத் திறந்து மலையிலிருந்து இறங்கும் மொட்டைகளைக் காட்டிவிடுகிறேன். பாடம் நடத்துவது மலை, சம்பளம் மட்டும் இன்னும் எனக்கே வந்துகொண்டிருக்கிறது.