பூப்பையில் நான் போட்ட முடிச்சு

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் எழுபதுகளில் ஃபேரர் பார்க் பக்கம் வாழையிலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, முதன்முதலில் பிளாஸ்டிக் பையில் பூ விற்றவன் நான்தான். சாமிப்பூ குப்பைக்குப் போகக் கூடாது, தண்ணீரில்தான் விட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வாடிய பூவைக் கொண்டுவருபவர்களுக்கு அதையும் பையில் போட்டு, சிவப்பு ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் கட்டிக் கொடுப்பேன். என் முடிச்சை எவனாலும் அவிழ்க்க முடியாது.

இரண்டு முறை கரு தங்காத என் மனைவிக்கு அந்த வருடம் வளைகாப்பு நடந்தது. சாமிக்குப் போட்ட மாலையைப் பையில் கட்டி, அவளையும் கூட்டிக்கொண்டு போய், செம்பவாங் கடற்கரையில் நானே வீசினேன்.

பை மூழ்கவில்லை. அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்தது. இன்னும் தூரமாக வீசினேன். மறுபடியும் வந்தது, இந்த முறை கூடவே நாலைந்து பைகள். எல்லாவற்றிலும் என் முடிச்சு. கூட வந்தவற்றின் உள்ளே பூ கறுத்துக் கூழாகிக் கிடந்தது, பை மட்டும் புதிதாகவே இருந்தது.

"விட்ட பூ திரும்பி வரக் கூடாதுங்க," என்றாள் மனைவி, வயிற்றைப் பிடித்தபடி.

"காத்து இப்படி அடிக்குது லா. பயப்படாத."

பூவை மட்டுமாவது விடலாமென்று எங்கள் பையின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். நகம்தான் பிய்ந்தது.

"இன்னிக்குக் காலையில மட்டும் எத்தனை பை கட்டுனீங்க?"

அடுத்த அலையில் இன்னும் இரண்டு சிவப்புக் கயிறுகள் தெரிந்தன.